ஆசிரியர்க்குக் கற்பிக்கப்படாத பாடம்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் உரைக்கும் ஆசிரியனுக்கு வேண்டிய இலக்கணங்களை எண்ணிச் செல்லுமிடத்தில் நற்குடிப் பிறப்பை முதற்கண் வைத்தார். அருளும் தெளிந்த கல்வியும் சொல்வன்மையும் அதன்பின் வந்தன. அதே சூத்திரத்தில் அவர் ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் மலருக்கும் ஒப்பிட்டதோடு நிறைகோலுக்கும் ஒப்பிட்டு, ஐயமறப் பொருளை உணர்த்துவதும் ஒரு பக்கம் சாயாத நடுநிலையும் அந்தக் கோலின் குணங்கள் என்று பின்னர் விளக்கி, உலகியல் அறிவையும் தகுதிகளுள் ஒன்றாகச் சேர்த்தார். பிறந்த குலத்தை முதலில் கேட்கும் வழக்கமும், எவர் பக்கமும் சாயாமல் நிற்கவேண்டும் என்ற தருமமும் இவ்வாறு ஒரே நூற்பாவில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் தமிழகத்துப் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகவே இருந்து வந்திருக்கிறது என்பதையும், அந்தப் போராட்டத்தில் ஆசிரியரைத் தயாரிக்கும் ஸ்தாபனங்கள் எந்தப் பக்கம் நின்றன என்பதையும், தருமபுரிச் சீமையை முன்னிறுத்திச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தருமபுரியை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூராகச் சங்கப் புலவர்களால் பாடப்பெற்று, பிற்காலத்தில் பாராமகால் என்ற பெயரால் மைசூர் அரசின் கீழிருந்து, ஆங்கிலேயர் காலத்தில் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதியாகி, 1965 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் தனி மாவட்டமாகப் பிரிந்து, 2004 ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியைத் தன்னிடமிருந்து பிரித்துக் கொடுத்த இந்தப் பிரதேசத்தில், ஒரே வகுப்பறையில் அமரும் பிள்ளைகளின் வீட்டு வழக்குகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. சமவெளிக் கிராமங்களில் வன்னியரும் ஆதிதிராவிடரும் பிற உழவர் வகுப்பினரும் வாழ்கின்றனர்; அரூருக்கு அப்பால் சித்தேரி மலையிலும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கின்றனர்; இருளரும் குறுமன்ஸ் மக்களும் லம்பாடிகளும் இம்மாவட்டத்தின் பிரஜைகளே; தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் இங்குக் குறைவல்ல. இத்தகைய நாட்டில் பாடம் சொல்ல வரும் ஓர் உபாத்தியாயருக்குப் பாடநூலில் உள்ளதைத் தெரிந்திருப்பது பாதி வேலைதான். எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதையும், அதைத் தாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதையும் தெரிந்திருப்பது மறுபாதி. அந்த மறுபாதியை யார் அவருக்குக் கற்பித்தார்கள் என்பதே கேள்வி.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இக்கேள்வி எழவே இல்லை. எழாதபடி வாசலிலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதி, சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையில் எண்சுவடியை உரக்கச் சொல்லி, பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் உயர்ந்த அப்பள்ளிகளின் கற்பிக்கும் முறை மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, மூத்த மாணாக்கனைக் கொண்டு இளையவனுக்குப் பாடம் சொல்லும் ஏற்பாட்டைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797 ஆம் ஆண்டில் அதைப்பற்றி இலண்டனில் நூலும் எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரால் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆனால் அந்தத் திண்ணை ஒரு வீட்டின் திண்ணை என்பதையும், அந்த வீடு ஊரின் உள்ளே இருந்தது என்பதையும், ஊருக்குள் நடக்கவே தடைப்பட்டிருந்த சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இந்தத் திண்ணைப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தவரே தருமபுரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியார் வசமான காலத்தில், கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பிரதேசத்தில் நிலவரித் திட்டத்தை வகுத்துக்கொண்டு தருமபுரியில் வசித்தார். இங்குத் தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றிக் கடிதங்களில் அன்போடு எழுதியிருக்கிறார். பின்னர் சென்னை மாகாணத்தின் கவர்னராகிய அவர், 1822 ஆம் ஆண்டில் எல்லா ஜில்லாக் கலெக்டர்களிடமிருந்தும் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டு, 1826 ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருப்பதாகக் கணக்கு வந்தது. அக்கணக்கின் பத்திகள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முகம்மதியர் என்று வகுக்கப்பட்டிருந்தன. பள்ளிப் பிள்ளையைச் சர்க்கார் முதன்முதல் எண்ணியபோதே சாதிவாரியாக எண்ணியது என்பதையும், அந்தப் பத்தி பிற்காலத்துப் பதிவேடுகளில் எத்தனையோ உருவங்களில் தொடர்ந்து வந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

1854 ஆம் ஆண்டின் வுட் அறிக்கை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று வற்புறுத்தியதன் பயனாக, 1856 ஆம் ஆண்டில் சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கும், அதைப் பின்பற்றி ஜில்லாக்கள்தோறும் எழுந்த பயிற்சிப் பள்ளிகளிலும், ஒரு வாலிபர் எதைக் கற்றுக்கொண்டார்? பாடக்குறிப்பு எழுதுதல், கரும்பலகையில் நேர்க்கோட்டில் எழுதுதல், பொருளைக் காட்டிப் பாடம் நடத்துதல், வினாவை முதலில் கேட்டு மாணாக்கனின் பெயரைப் பின்னர் அழைத்தல், கால அட்டவணை வகுத்தல், வகுப்பை அடக்கி ஆளுதல் ஆகியவற்றை அவர் கற்றார். இவை அனைத்தும் பயனுள்ள வித்தைகளே. ஆயினும், அதே வாலிபர் தம் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கொண்டுவந்த அபிப்பிராயங்களை, எந்தச் சாதிப் பிள்ளைக்கு மூளை கூர்மை, எந்தச் சாதிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பன போன்ற முன்முடிவுகளை, எடுத்துப் பரிசோதிக்கும்படி எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைக் கேட்கவில்லை. கற்பிக்கும் கை பழக்கப்படுத்தப்பட்டது. மனம் கொண்டுவந்த இடத்திலேயே விடப்பட்டது.

வாசல் திறக்கும் வேலை இதற்கிடையே வேறொரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் ட்ரெமன்ஹீர் என்ற அதிகாரி பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பு விவாதத்தை எழுப்பிய சில ஆண்டுகளுக்குள், 1893 ஆம் ஆண்டில், சென்னை சர்க்கார், பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோரின் கல்விக்கெனப் பிறப்பித்த உத்தரவு, சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கவும், அவ்வகுப்பிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்குக் கூடுதல் உதவித்தொகை அளிக்கவும் வழி செய்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு அதன் நிலையை உள்ளிருந்து அறிந்த ஆசிரியர் வேண்டும் என்ற உண்மை அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. 1894 ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எனினும் 1919 ஆம் ஆண்டில் சர்க்கார் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழிருந்த 8,000-க்கு மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 600 பள்ளிகளே பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது, கோயிலை ஒட்டி இருக்கிறது, ஊர்ச் சாவடியில் இருக்கிறது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். அத்தகைய இடங்களிலிருந்து பள்ளியை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கட்டடத்தை இடம் மாற்றுவது எளிது, ஆசிரியரின் மனத்தை இடம் மாற்றுவது எப்படி என்பதற்கு உத்தரவில் விடை இல்லை.

அந்த மனம் எவ்வளவு பிடிவாதமானது என்பதைத் தேசியப் பேரியக்கத்தின் நடுவிலேயே தமிழகம் கண்டது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம், தேசபக்தர்களின் பொருளுதவியால் நடந்த ஸ்தாபனம். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்கு உண்ணும் இடம் தனியாக இருந்தது வெளிப்பட்டதும், 1924, 1925 ஆம் ஆண்டுகளில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பிய எதிர்ப்பு, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. ஐயர் கல்வியிலோ தியாகத்திலோ குறைந்தவர் அல்லர். கம்பனை உலகுக்கு எடுத்துச் சொன்ன ரசிகர் அவர். அத்தகையவர் நடத்திய பள்ளியிலும் பந்தி பிரிந்தது என்றால், படிப்பும் நல்லெண்ணமும் தாமாகவே பாரபட்சத்தைப் போக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவாகிறது. அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாகச் சட்டசபையில் அமர்ந்த எம். சி. ராஜா தாமே ஆசிரியராகப் பணிபுரிந்தவர், பாடநூல்கள் எழுதியவர் என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். பள்ளிக்குள் நடப்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பெரும் விவாதமும் இந்தச் சீமையோடு தொடர்புடையதே. அந்நாளைய சேலம் ஜில்லாவின் ஓசூர் தாலுகாவிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்து 1953 ஆம் ஆண்டில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மறுபகுதியைப் பெற்றோரின் தொழிலிலும் கழிக்கலாம் என்றது. பள்ளிகள் போதாத நிலையில் இருப்பதைக் கொண்டு அதிகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் கூறிய நியாயம். பெரியாரும் அவரைப் பின்பற்றியோரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ‘குலம்’ என்று பவணந்தியார் ஆசிரியனிடம் கேட்டதை இத்திட்டம் மாணாக்கனிடம் கேட்டது என்பதே அந்த எதிர்ப்பின் உட்பொருள். காமராசரும் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் அதற்கு மாறான வழியில் சென்றனர்: ஓராசிரியர் பள்ளிகள் குக்கிராமங்கள்தோறும் எழுந்தன; 1956 ஆம் ஆண்டு முதல் பகல் உணவு வந்தது; பின்னர்ச் சீருடை வந்தது. ஏழையும் செல்வனும், ஊராரும் சேரியாரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே நிறத்தில் உடுத்தி அமரும் காட்சி ஒரு புரட்சி என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் புரட்சி பயிற்சிப் பள்ளியின் பாடத்திட்டத்தை எட்டவில்லை. ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் என்று பெயர் மாறிய அந்த ஸ்தாபனங்களில் காந்தியடிகளின் கருத்துப்படி தக்கிளியும் கைத்தொழிலும் சேர்ந்தன. சுகாதாரமும் சமூக வாழ்க்கைப் பயிற்சியும் சேர்ந்தன. சாதியைப் பற்றி ஆசிரியர் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளும் பாடம் மட்டும் சேரவில்லை. பென்னாகரத்துக்கோ பாலக்கோட்டுக்கோ அரூருக்கோ வேலைக்கு வந்த இளைஞர், ஊரில் குடியிருக்க வீடு தேடும்போதே எந்தத் தெருவில் தங்கலாம் என்பதை ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அந்தப் பாடம் பயிற்சிப் பள்ளியில் கற்ற இரண்டு ஆண்டுப் பாடத்தையும் விட அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடும்.

இதன் விளைவு வகுப்பறையில் எவ்வாறு தோன்றும் என்பதை அருகிலிருந்து பார்க்கவேண்டும். ஏனெனில் அது பெரும்பாலும் கொடுமையின் வடிவில் வருவதில்லை, நிர்வாகத்தின் வடிவில் வருகிறது. காலை முதல் மணி அடித்திருக்கும். வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துப் பெயர்களை வாசித்து முடித்த ஆசிரியர், அலுவலகத்திலிருந்து வந்த தாளை எடுத்துக்கொண்டு, “ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாரும் எந்திரிங்க” என்பார். அவர் மனத்தில் துளியும் தீய எண்ணம் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிக்கவேண்டும் என்பதே அவருடைய அவசரம். பன்னிரண்டு பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். மற்ற முப்பது பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்றுவரை பக்கத்து இடத்தில் அமர்ந்து ஒரே புளியங்காயைக் கடித்துத் தின்ற தோழன் எந்தத் தெருவினன் என்பது அந்த அரை நிமிஷத்தில் வகுப்பு முழுவதற்கும் பிரகடனம் ஆகிவிடுகிறது. உதவி செய்வதற்காகச் சர்க்கார் கண்டுபிடித்த பத்தி, அந்தப் பிள்ளையை அடையாளப்படுத்தும் பத்தியாக மாறிவிடுகிறது. மலைமேல் இதற்கு வேறு உருவம் உண்டு. மலையாளிச் சிறுவன் தன் வீட்டுப் பேச்சில் விடை சொன்னால், அந்த விடை சரியா என்று பார்ப்பதற்கு முன் அந்தப் பேச்சைத் திருத்துவது ஆசிரியரின் வழக்கம்; இரண்டு முறை திருத்தப்பட்ட பிள்ளை மூன்றாம் முறை வாய் திறப்பதில்லை; ‘இதுகளுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பழைய முடிவுக்கு அந்த மௌனமே சாட்சியாகிவிடுகிறது.

1991 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் அடிப்படையில், பெண்களின் எழுத்தறிவு அகில இந்திய சராசரிக்கும் கீழிருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து மத்திய அரசு 1994 ஆம் ஆண்டில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழகத்தில் முதற்கட்டத்திலேயே இடம்பெற்றவற்றுள் தருமபுரி ஒன்று. வட்டார வள மையம், குறுவள மையம் என்னும் பெயர்கள் இம்மாவட்டத்து ஆசிரியரின் அன்றாடப் பேச்சில் புகுந்தது அப்போதுதான். பணியிடைப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் திரளாக வந்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடத்தக் கற்றனர். பின்னர் 2007 ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் ஒரு விசேஷம் நிகழ்ந்தது. நாற்காலியை விட்டு இறங்கி ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஒரு பங்கு கிடைத்தது. முதல் வரிசை, கடைசி வரிசை என்ற ஏற்பாடே மறைந்தது. சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அமரும் முறையைக் கொண்டே அது பழைய படிநிலையைச் சிறிது அசைத்தது. ஆயினும் அதையும் கற்பிக்கும் முறையாகவே பயிற்சியில் விளக்கினார்கள். பாயில் ஏன் அமரவேண்டும் என்ற கேள்வியின் சமூகப் பொருளை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆகவே முறை மாறியபோது பாயும் சுருட்டி வைக்கப்பட்டது.

இவ்விடத்தில் இந்த மாவட்டத்தின் இரண்டு பெரும் துயரங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1992 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமத்தினுள் நுழைந்த வனம், போலீஸ், வருவாய்த் துறைகளைச் சேர்ந்தோர், அங்குள்ள மலையாளி மக்களுக்குச் செய்த கொடுமை உலகறிந்தது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு அதே தேதியில் அதை உறுதி செய்தது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய குடியிருப்புகளில் ஆதிதிராவிடர்களின் 200-க்கும் மேற்பட்ட வீடுகள், இரு வகுப்பினரிடையே நடந்த ஒரு திருமணத்தைக் காரணமாகக் கொண்டு சூறையாடப்பட்டன. வாச்சாத்தியில் நுழைந்த அதிகாரிகள் பள்ளியில் படித்துச் சர்க்கார் உத்தியோகம் பெற்றவர்கள். பல ஆண்டுகள் ஆசிரியர்கள் முன் அமர்ந்தவர்கள். அவர்களுடைய குற்றத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் மலைவாசியும் மனிதன், அவனுக்கும் மானமும் வீடும் மொழியும் உண்டு என்பதை அந்த ஆண்டுகளில் ஒரு நாளாவது ஒரு பாடவேளை உணர்த்தியிருக்குமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாரபட்சம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் 1954 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடாதென்று தீர்ப்பளித்தபின், தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பிள்ளைகள் பொதுப் பள்ளிக்குள் வந்தனர், அவர்களை அறிந்த ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டனர். 1968 ஆம் ஆண்டில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பதே அந்தப் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்று வாதித்தது. அதன் அளவைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தாலும் கேள்வி நிலைபெற்றது. இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள் மந்தபுத்தியுள்ளோருக்கான பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதை 1971 ஆம் ஆண்டில் பெர்னார்ட் கோர்ட் அம்பலப்படுத்தினார். கறுப்பினப் பிள்ளைகளை வெற்றிகரமாகப் படிக்கவைத்த ஆசிரியர்களை அருகிலிருந்து கவனித்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், பிள்ளையின் பண்பாட்டைக் குறையாகக் கருதாமல் கற்பித்தலுக்கு அடிப்படையாகக் கொள்பவரே அப்பணியில் வெல்கிறார் என்று 1990-களில் எழுதினார். இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்படும் கருத்து அதுவே.

இந்தியாவில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகள் நம் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கவை. உத்தரப்பிரதேசத்துக் கிராமச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் புதிர்ப்பாதைக் கணக்குகளைக் கொடுத்தபோது, சாதி அறிவிக்கப்படாத நிலையில் எல்லா வகுப்புச் சிறுவர்களும் ஒத்த திறமையைக் காட்டினர். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் அறிவித்தபின் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் பின்தங்கினர். ஸ்காலர்ஷிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் அந்த அரை நிமிஷம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை. ரேமா ஹன்னா, லே லிண்டன் ஆகியோர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், விடைத்தாளின் மேல் எழுதப்பட்ட சாதியை மாற்றி மாற்றி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, தாழ்ந்த சாதி எனக் குறிக்கப்பட்ட தாளுக்குச் சிறிது குறைவாக மதிப்பெண் கிடைத்தது. அக்குறைவு தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆசிரியர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே பாரபட்சத்தை ஏதோ ஒரு வகுப்பின் தீய குணமென்று சொல்லி மற்றவர் கைகழுவிவிட முடியாது. சமூகம் முழுவதும் சுவாசிக்கும் காற்றில் அது கலந்திருக்கிறது. ஆதலால் பயிற்சியும் எல்லோருக்கும் வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு எதிரான பாகுபாட்டையும், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. இயன்றவரை தாய்மொழி வழியே கற்பிக்கவேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அவருடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய செய்தி நாட்டை உலுக்கியபின், தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதிப் பத்தி கூடாது, பிள்ளைகளைச் சாதி சொல்லி அழைக்கலாகாது, உதவித்தொகைச் செய்தியைத் தனியே அழைத்துச் சொல்லவேண்டும், அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும், ஆசிரியர்க் கல்விப் பாடத்திட்டத்தைச் சமூக நீதியை உட்கொண்டு திருத்தவேண்டும், பணியிலிருப்போருக்கு ஆண்டுதோறும் புத்தறிவு அளிக்கவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. 1826 இல் மன்றோவின் கணக்கில் தோன்றிய பத்தியை நீக்கவேண்டும் என்று ஓர் அரசாங்கக் குழு சொல்வதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன.

இனிச் செய்யவேண்டியது யாது? தருமபுரியில் பயிற்சி பெறும் ஒவ்வோர் இளம் ஆசிரியரும் தம் கற்பித்தல் பயிற்சியின் ஒரு பகுதியைச் சித்தேரி, சிட்லிங்கி போன்ற இடங்களில் தங்கிக் கழிக்கட்டும். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள், அவர்கள் சேர்வராயனுக்கும் கொல்லிக்கும் பச்சைமலைக்கும் பிரிந்து சென்றனர் என்று மலையாளிகள் சொல்லும் வரலாற்றை முதியவர் வாயால் கேட்டு, அதை வரலாற்றுப் பாடத்தின் வாயிலாகக் கொள்ளட்டும். சிட்லிங்கியில் போர்கை என்ற பெயரால் லம்பாடிப் பெண்கள் மீட்டெடுத்த பூத்தையலில் எத்தனை வடிவியல் இருக்கிறது என்பதைக் கணித வகுப்பில் காட்டட்டும். மாவட்டமெங்கும் நிற்கும் நடுகற்களில் பொறிக்கப்பட்ட வீரர்கள் பெரும்பாலும் ஆநிரை காக்க உயிர்விட்ட எளிய மனிதர்கள் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறியட்டும். இவற்றுக்கு மேலாக, பயிற்சி நிறுவனத்தில் ஒவ்வொருவரும் பெயர் மறைத்த விடைத்தாளையும் பெயர் தெரிந்த விடைத்தாளையும் திருத்தி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தம் கை எங்கே சாய்கிறது என்பதைத் தாமே கண்டுகொள்ளும் பழக்கம் ஏற்படட்டும். அறிவுரையால் ஆகாதது இத்தகைய சுயபரிசோதனையால் ஆகும்.

பள்ளியின் வாசலைத் திறப்பதற்கு நம் முன்னோர் நூறு ஆண்டுகளுக்கு மேல் போராடினர். அதில் பெரும்பாலும் வெற்றியும் கண்டனர். வாசலைக் கடந்து உள்ளே வந்த பிள்ளை அங்கே என்ன பார்வையால் வரவேற்கப்படுகிறது என்பது இனி ஆசிரியரைத் தயாரிப்போரின் பொறுப்பு. பயிற்சி நிறுவனங்களை நடத்துவோரும், பாடத்திட்டம் வகுப்போரும், பயிற்சி பெறும் இளைஞர்களும், வேண்டிய தகுதிகளின் பட்டியலில் குலத்தை அறவே நீக்கி, நடுநிலையையும் உலகியல் அறிவையும் முதலில் வைக்கட்டும். அந்தப் பாடத்தைத் தேர்வுக்குரிய பாடமாக ஆக்கட்டும். அதில் தேறாதவரிடம் ஒரு வகுப்பையும் ஒப்படைக்காதிருக்கட்டும்.